இரண்டரை வருட கவுன்சிலிங்: ஒரு சீரியல் வசனக்காரனின் அனுபவம்

கவுன்சிலிங் போகப்போகிறேன் என்றதும் அம்மா கேட்டது, "இந்த வயசுல எந்தக் காலேஜ்டா?" நம்ம ஊரில் அந்த வார்த்தைக்கு கட் ஆஃப், ரேங்க், சீட் என்றுதான் அர்த்தம், அம்மாவைக் குறை சொல்ல முடியாது. இது மனசுக்கான கவுன்சிலிங் என்று விளக்கிச் சொன்னதும் முகம் சுருங்கியது. "உனக்கு என்னடா குறை" என்றார், அதோடு விட்டுவிட்டார்.

நான் டிவி சீரியலுக்கு வசனம் எழுதுகிறவன், இடையிடையே சிறுகதையும் எழுதுவேன். கவுன்சிலிங் போக ஆரம்பித்து இரண்டரை வருடம் ஆகிறது. எழுதுகிற, வரைகிற நண்பர்கள் நாலைந்து பேர் இதைப் பற்றித் தனியாக விசாரித்தார்கள். சுற்றி வளைத்து எல்லாரும் கடைசியில் வந்து நின்றது ஒரே கேள்வியில்தான்: மனசு சரியாகிவிட்டால் எழுத்து போய்விடாதா? அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் போன இடம் எனக்குச் சரிப்படவில்லை. மூன்று தடவை போனேன். என் கதை ஒன்றை வாங்கிப் படித்துவிட்டு, "ஏன் எப்பவும் யாராவது செத்துப்போறாங்க, கொஞ்சம் பாசிட்டிவா எழுதிப் பாருங்களேன்" என்றார். சேனல்காரர்களாவது டிஆர்பிக்காக இன்னும் ரெண்டு பேரைக் கொல்லச் சொல்வார்கள்! அதோடு நிறுத்திக்கொண்டதில் எட்டு மாதம் வீணானது. உடனே வேறு ஆளைத் தேடியிருக்க வேண்டும், நான் கவுன்சிலிங்கே நமக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிட்டேன்.

இரண்டாவதாகப் போனது ஒரு மருத்துவ உளவியலாளரிடம். மருத்துவ உளவியலாளர் என்று போட்டிருந்தால் ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் இருக்க வேண்டும், கூச்சப்படாமல் கேளுங்கள், நல்லவர்கள் கோபித்துக்கொள்வதில்லை. மாத்திரை இவர்கள் எழுத மாட்டார்கள், அதற்கு மனநல மருத்துவர்தான். தூக்கம் சுத்தமாகப் போன ஒரு மாதத்தில் மேடமே என்னை அப்படி ஒருவரிடம் அனுப்பினார். கட்டணம் 50 நிமிடத்துக்கு 1200 ரூபாய், சீரியல் நின்றுபோனபோது நானே வாய்விட்டுக் கேட்டதில் 800 ஆக்கினார். கையில் ஒன்றுமே இல்லாத சமயத்தில் 14416 இருக்கிறது, அரசாங்கத்தின் டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், 2022 அக்டோபரில் ஆரம்பித்தது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

முதல் நாள் மனச்சோர்வு எவ்வளவு என்று பார்க்கிற ஒரு படிவம் கொடுத்தார்கள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண். நான் பதில் எழுதுவதை விட்டுவிட்டு, மூன்றாவது கேள்வியின் தமிழ் சரியில்லை என்று பேனாவால் திருத்திக்கொண்டிருந்தேன். மேடம் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு 27க்கு 16 வந்தது.

நம்மைப் போன்றவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இனிமேல் சொல்லப்போவதுதான். நாம் நன்றாகக் கதை சொல்வோம், அதுதான் தொல்லையே. அப்பா இறந்ததை நான்காவது அமர்வில் சொன்னேன். ஆஸ்பத்திரி வராந்தா, சுவர்க் கடிகாரம், நர்ஸ் கையிலிருந்த மல்லிகைச் சரம் என்று வரிசையாக, எங்கே குரல் இறங்க வேண்டுமோ அங்கே இறக்கி. முடித்ததும் மேடம் கேட்டார், "இதை இதுக்கு முன்னாடி எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பீங்க?" கதையாகவே எழுதி அச்சிலும் வந்துவிட்டது என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான். "அதான் ஒரு இடத்துலயும் தடங்கலே இல்ல. சரி, அன்னைக்குச் சாப்பிட்டீங்களா?"

பதில் வரவில்லை. ஏசி சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் ஞாபகம் வந்தது. அப்பா ஐசியூவில் இருக்க, நான் எதிர் டீக்கடையில் ரெண்டு மசால் வடை தின்றுகொண்டே மறுநாள் ஷூட்டிங்குக்கான சீனை போனில் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், மாமியார் மருமகளை வீட்டை விட்டுத் துரத்துகிற சீன். அனுப்பிவிட்டு மேலே போனபோது எல்லாம் முடிந்திருந்தது. கதையில் மல்லிகைச் சரம் இருந்தது, வடை இல்லை. அன்று அமர்வு முடிந்து வண்டியை எடுக்காமல் அரை மணி நேரம் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

இந்த மாதிரி நாட்களுக்கு முன்கூட்டியே இடம் விட்டு வையுங்கள். டெட்லைன் இருக்கிற நாளில் அமர்வு வைத்துக்கொள்ளவே கூடாது, ரெண்டு தடவை வைத்துக்கொண்டு எபிசோடைச் சொதப்பி டைரக்டரிடம் திட்டு வாங்கினேன்.

வீட்டுப்பாடமும் உண்டு. என்ன நடந்தது, அப்போது மனசில் என்ன ஓடியது, அதற்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன என்று கட்டம் போட்டு எழுத வேண்டும். நான் அதையும் உவமையெல்லாம் போட்டு ரெண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். "மளிகைக் கணக்கு மாதிரி எழுதுங்க போதும்" என்றார். எரிச்சலாக இருந்தது. மூன்று மாதம் போன பிறகுதான் 'யாரும் திரும்பக் கூப்பிட மாட்டார்கள்' என்று ஒரே வரியை ஏழு இடத்தில் எழுதியிருப்பது கண்ணில் பட்டது. அலங்காரம் பண்ணியிருந்தால் ஏழும் ஏழு விதமாக இருந்திருக்கும், எனக்குப் பிடிபட்டே இருக்காது.

அந்தரங்கம் பற்றிப் பயம் இருந்தால் முதல் நாளே கேட்டுவிடுங்கள். ரகசியம் காக்கப்படுவது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நம் உரிமை, உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. சினிமா, டிவி உலகம் ரொம்பச் சின்னது என்பதால் நான் ரெண்டு தடவை கேட்டேன்.

இனி அந்தக் கேள்வி. எழுத்து போயிற்றா? முதல் நாலைந்து மாதம் கதை ஒன்றுகூட வரவில்லை, வசனம் மட்டும் பிழைப்புக்காக ஓடியது. நிஜமாகவே பயந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன், மெதுவாக. ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து விடிவதற்குள் ஒரு கதையை முடிக்கிற அந்த வெறி திரும்ப வரவில்லை, அது போனதில் எனக்கு வருத்தம் உண்டு, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பத்திரிகை நண்பர் ஒருவர் "பழைய காட்டம் இல்லையே" என்றார். இருக்கலாம். ஆனால் அப்போது ஒரு கதை எழுதினால் பத்து நாள் படுத்துவிடுவேன், யார் போனையும் எடுக்க மாட்டேன். அது இப்போது இல்லை.

வாரம் ஒருமுறை என்று ஆரம்பித்தது இப்போது மாதம் ஒருமுறை. அந்த டீக்கடையையும் வடையையும் இன்னும் எந்தக் கதையிலும் வைக்கவில்லை. வைக்கலாமா மேடம் என்று போன மாதம் கேட்டேன். "அது உங்க வேலை, என்னைக் கேக்காதீங்க" என்று சிரித்துவிட்டு, அடுத்த தேதி பார்க்க டைரியைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.