மூல மொழியில் வீடியோ கேம் வாங்க எந்தக் கடை தேவலை?

சின்ன நாட்டுக்கென்று எந்த நிறுவனமும் தனியாக டிஸ்க் அடிப்பதில்லை. பக்கத்துப் பெரிய சந்தைக்குப் போட்ட பெட்டிதான் வந்து சேரும். அதில் எந்த மொழி இருக்கிறதோ, அதுதான் நம் தலையில். கடைக்காரரிடம் சண்டை போட்டும் புண்ணியமில்லை, வந்த சரக்கைத்தான் அவர் விற்கிறார். ஜப்பானிய, போலிஷ், உக்ரைனியக் குரல்களோடு ஆட விரும்புகிறவர்கள் வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். அதற்கான வழிகள் எல்லாம் ஒரே தரத்தில் இல்லை.

கணினி வைத்திருப்பவர்களுக்கு ஸ்டீம் என்ற இணையக் கேம் கடைதான் முதல் தேர்வு. கேம் பக்கத்தின் வலது பக்கம் மொழி அட்டவணை இருக்கும்: இன்டர்ஃபேஸ், முழு ஆடியோ, சப்டைட்டில் என்று மூன்று பத்திகள். பலர் மொழியின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு வாங்கி விடுகிறார்கள். நடுப் பத்தியில் டிக் இல்லையென்றால் குரல் வராது. வாங்கிய பிறகு, லைப்ரரியில் கேம் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் மொழியை மாற்றலாம். சில கேம்களில் குரலுக்கும் எழுத்துக்கும் சேர்த்து அந்த ஒரே ஸ்விட்ச்தான். ஜப்பானியக் குரல், ஆங்கில எழுத்து என்று கலக்க முடியாது. அதனால் முதல் காட்சியிலேயே சோதித்து விடுங்கள். வாங்கி 14 நாள் தாண்டாமல், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். மொழிக்காக வாங்குகிறவர்களுக்கு இது பெரிய காப்பு.

வெளியாட்கள் மலிவாக விற்கும் ஸ்டீம் கீகள், அதாவது கேமைக் கணக்கில் சேர்க்கும் குறியீடுகள், வேறு கதை. ரஷ்யாவுக்கும் அதன் அண்டை நாடுகளுக்கும் ஒதுக்கிய கீகள் சிலவற்றில் ரஷ்ய மொழி மட்டும்தான் இருக்கும். அந்தச் சந்தைக்கென்று குறைத்து வைத்த விலை அது.

ஸ்டீமிலும் ஒரு ஓட்டை உண்டு. கேமே உங்கள் நாட்டில் விற்பனையில் இல்லாமல் போகலாம். 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 என்ற கேமை ஸ்டீமில் ஆட பிளேஸ்டேஷன் கணக்கு கட்டாயம் என்று சோனி அறிவித்தது. சோனியின் இணையச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க் இல்லாத 170-க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பகுதிகளிலும் அந்தக் கேம் ஸ்டீமிலிருந்தே காணாமல் போனது. எதிர்ப்பு கிளம்பியதும் கட்டாயம் சில நாளில் நீங்கியது, விற்பனைத் தடை அவ்வளவு சீக்கிரம் நீங்கவில்லை.

நின்டெண்டோ ஸ்விட்ச் பக்கம் நிலைமை நன்றாகவே இருக்கிறது. 2017-இல் வந்த முதல் ஸ்விட்சிலிருந்தே கார்ட்ரிட்ஜுக்கு ரீஜியன் பூட்டு (ஒரு நாட்டுக் கேமை வேறு நாட்டுக் கன்சோலில் ஓடவிடாத தடை) கிடையாது. ஜப்பான் கார்ட்ரிட்ஜ் எந்தக் கன்சோலிலும் ஓடும். டிஜிட்டலில் வாங்க, நாடு ஜப்பான் என்று வைத்து இன்னொரு நின்டெண்டோ கணக்கு திறந்து கன்சோலில் சேர்த்தால் போதும். அந்தக் கணக்கில் வாங்கிய கேமை அதே கன்சோலில் உங்கள் வழக்கமான கணக்கிலும் ஆடலாம்.

பணம் கட்டுவதுதான் தலைவலி. 2025 மார்ச் 25 முதல் நின்டெண்டோவின் இணையக் கடையான ஈஷாப், ஜப்பானில் வெளிநாட்டு கிரெடிட் கார்டுகளையும் வெளிநாட்டில் திறந்த பேபால் கணக்குகளையும் ஏற்பதில்லை. மிச்சமிருப்பது ப்ரீபெய்டு கார்டு. அது பெரும்பாலும் குறிப்பிட்ட தொகைகளில்தான் வரும்: கேம் 6,578 யென் என்றால் 5,000 ஒன்று, 2,000 ஒன்று போட வேண்டும், 422 யென் தங்கிவிடும். இருப்பு பாக்கி இருக்கும்போது கணக்கின் நாட்டை மாற்ற விடமாட்டார்கள். தனிக் கணக்கு திறக்கச் சொல்வது இதற்காகத்தான். உங்கள் முக்கியக் கணக்கை ஜப்பானுக்கு மாற்றி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

மலிவாக இருக்கிறதென்று ஜப்பான் கன்சோலையே இறக்குமதி செய்வது வேண்டாத வேலை. ஸ்விட்ச் 2 அங்கே 49,980 யென்னுக்கு வந்தது, ஆனால் சிஸ்டம் மொழி ஜப்பானியம் மட்டும், ஜப்பான் கணக்கு மட்டுமே இணையும். பன்மொழிப் பதிப்பு 69,980 யென்னுக்கு வந்தது. 3டிஎஸ், வீ யு போன்ற பழைய நின்டெண்டோ கன்சோல்களிலோ கேமுக்கே பூட்டு உண்டு. அவற்றுக்கு மட்டும் அந்தந்த நாட்டுக் கன்சோல் தேவைப்படும்.

பிளேஸ்டேஷன் ஸ்டோர் ஒரு விஷயத்தில் ஸ்டீமைப் போலவே நேர்மை: கேம் பக்கத்தில் குரல் மொழி, திரை மொழி இரண்டையும் தனித்தனி வரியாகப் போடுகிறது. நல்லது அத்தோடு முடிந்தது. கணக்கு திறக்கும்போது தேர்ந்தெடுத்த நாட்டைப் பிறகு மாற்றவே முடியாது. கிஃப்ட் கார்டும் அதே நாட்டினுடையதாக இருக்க வேண்டும். பிஎஸ்4, பிஎஸ்5 டிஸ்க் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஓடும், உண்மைதான். ஆனால் டிஎல்சி, அதாவது கேமோடு சேர்க்கத் தனியாக டவுன்லோடு செய்யும் பகுதி, டிஸ்கின் பதிப்போடு பொருந்தினால்தான் வேலை செய்யும். மொழிக்காக வாங்குகிறவர்களை இது எப்படிப் பிடிக்கும் என்பதற்கு பெர்சோனா 5 நல்ல உதாரணம். 2017-இல் மேற்கத்தியப் பதிப்பு வந்தபோது ஜப்பானியக் குரல் இலவச டிஎல்சியாகத்தான் தரப்பட்டது. டிஸ்க் ஒரு நாடு, கணக்கு இன்னொரு நாடு என்றிருந்தால் இலவசமும் எட்டாது. பிஎஸ்4 டிஸ்கிலிருந்து பிஎஸ்5 பதிப்புக்கு அப்கிரேடு செய்வதிலும் இதே நிபந்தனை. ஒரே கேமின் இரு நாட்டுப் பதிப்புகள் சேவ் ஃபைலையும் பகிர்ந்துகொள்ளாமல் போகலாம், பாதியில் பதிப்பு மாற்றினால் முதலிலிருந்து ஆட வேண்டியதுதான். போதாக்குறைக்கு, ஜப்பான் பிஎஸ்4 கேம்கள் பலவற்றில் உறுதி செய்ய வட்டப் பொத்தான், ரத்து செய்ய எக்ஸ் பொத்தான். விரல் பழக நேரம் பிடிக்கும்.

எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் அதற்குப் பிந்தியவற்றிலும் டிஸ்குக்குப் பூட்டில்லை. ஜப்பானியக் கேம்கள் அங்கே குறைவு என்பதால் நீட்ட ஒன்றுமில்லை.

டிஸ்க்தான் வேண்டும் என்பவர்களுக்கு, ஜப்பான் பதிப்பைவிட ஆசியப் பதிப்பு பெரும்பாலும் நல்ல தேர்வு: பல கேம்களில் ஜப்பானியக் குரலும் ஆங்கில எழுத்தும் ஒரே டிஸ்கில் கிடைக்கும். ப்ளே-ஏசியா போன்ற இறக்குமதிக் கடைகள் ஒரே கேமை ஜப்பான், ஆசியா, அமெரிக்கா என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் உள்ள மொழிகளைக் குறிப்பிடுகின்றன. ஸ்விட்ச் 2 பெட்டியில் கேம்-கீ கார்டு என்ற குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் உள்ளே கேம் இல்லை, சாவி மட்டும்தான், முழுக்க டவுன்லோடு செய்ய வேண்டும். தனி நபரிடம் வாங்கினால் பின் அட்டையின் படத்தைப் பணம் அனுப்புவதற்கு முன்பே கேளுங்கள். மொழிப் பட்டியல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், சீல் உடைத்த டிஸ்கை யாரும் திரும்ப எடுப்பதில்லை.