ஐப்பசி மழையில் கேம்பர்வேன், கோவளத்தில் முதல் அலைச்சறுக்கு

ஐப்பசி மழை வலுத்த வாரத்தில், நாகர்கோவிலில் கேம்பர்வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, களியக்காவிளை வழியாகக் கேரளத்தின் கோவளத்துக்கும் வர்க்கலைக்கும் குடும்பத்துடன் சென்று வந்தோம். படுக்கையும் கேஸ் அடுப்பும் நன்றாகவே இருந்தன. ஆனால் கூரை ஜன்னலின் ரப்பர் விளிம்பு இற்றுப்போயிருந்ததால், முதல் இரவிலேயே தலைமாட்டில் நீர் சொட்டியது. குழம்புச் சட்டியை வைத்துப் பிடித்தபடி விழித்திருந்தோம். மழைக்காலத்தில் வண்டி எடுப்பவர்கள், புறப்படும் முன்பே கூரையில் ஒரு வாளி நீரை ஊற்றிப் பார்க்க வேண்டும்.

கோவளத்தில் கிடைத்த அலைச்சறுக்குப் பயிற்சியோ மிகச் சிறப்பானது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும் என்பதால் புதியவர்களை அப்போது இறக்குவதில்லை என்று விளக்கிய பயிற்சியாளர், முதல் அரைமணி நேரம் மணலிலேயே குப்புறப் படுக்கவைத்து, கைகளை விலாவருகே ஊன்றி ஒரே வீச்சில் எழுந்து நிற்கும் முறையைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தார். தந்தது ஒன்பதடி நீள நுரைப்பலகை. நீளமும் அகலமும் கூடினால் தள்ளாட்டம் குறையும் என்பதை நீரில் இறங்கியதும் உணர்ந்தேன். பின்னங்காலில் கட்டிய கயிறு, விழுந்தபோதெல்லாம் பலகையை அலையோடு போகவிடாமல் காத்தது. "தாழே நோக்கண்டா அண்ணா, கரையைப் பாருங்க" என்று அவர் கூவ, வெண்ணுரையாக வந்த அலையொன்றில், ஏழாவது முயற்சியில், நான்கைந்து நொடிகள் நின்றேன். முதல் இடி கேட்டதும் அனைவரையும் கரையேற்றி, விட்ட பாடத்தை மறுநாள் காலை கட்டணமின்றி முடித்துத் தந்தார்.

வர்க்கலையின் செம்புரைக்கல் குன்றுகளை மழைத்திரைக்கு ஊடே பார்த்ததோடு சரி. வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, நனைந்த மெத்தைக்கு எங்கள் முன்பணத்திலேயே பிடித்துக்கொண்டார்கள், அது நியாயமல்ல.