அப்பாவின் கை நடுக்கமும் சாப்பாட்டு மேசையில் பரப்பிய மாத்திரைகளும்

இந்த முறை நான்கு வார விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். விமான நிலையத்தில் என் பெட்டியை வாங்க அப்பா கை நீட்டினார். நீட்டிய கை ஆடியது. இரண்டு வருடமாக வீடியோ அழைப்பில் அவருடைய முகத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன். கையும் நடையும் என் கண்ணில் படவே இல்லை. வீட்டுக்குள் நடக்கும்போது சின்னச் சின்ன அடியாக வைத்தார், திரும்புவதற்கு நாலைந்து எட்டு தேவைப்பட்டது.

"வயசாச்சுல்ல" என்றார். அம்மாதான் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு மருத்துவர் பார்க்கின்சன் நோய் (கை நடுக்கம், உடல் இறுக்கம், மந்த நடை தரும் மூளை நோய்) என்று சொல்லி, அதற்கான லெவோடோபா மாத்திரையை ஆரம்பித்திருக்கிறார். எனக்குத் தெரிந்தால் தவித்துப்போவேன் என்று இருவரும் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். மாத்திரை போட்டும் நடுக்கம் குறையவில்லை. எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வருவது மட்டும் புதிதாகச் சேர்ந்திருந்தது.

மறுநாள் காலை எல்லா மாத்திரை அட்டைகளையும் மேசையில் பரப்பினேன். மூன்று மருத்துவர்கள் எழுதியவை அவை. அம்மா ஒரு பையில் போட்டு வைத்திருந்த மருந்துச் சீட்டுகளையும் தேதி வாரியாக அடுக்கினேன். எந்த மாத்திரை எப்போது தொடங்கியது, என்ன தொந்தரவுக்காகக் கொடுத்தார்கள், உடம்பில் எந்த மாற்றம் எப்போது வந்தது என்று மூன்று பத்தி போட்டு ஒரு தாளில் எழுதினோம். அந்த நான்கு வாரத்தில் நான் செய்தவற்றில் உருப்படியான வேலை இதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

தாளில் தெரிந்த கதை இப்படி. பதினாலு மாதத்துக்கு முன்பு இதயம் தாறுமாறாகத் துடித்ததால் அமியோடரோன் 200 மில்லிகிராம், மெட்டோபுரோலால், இரத்தம் உறையாமலிருக்க அபிக்சபான். அடுத்த மாதம் குமட்டல், வயிற்று உப்புசம். அதற்கு ஒரு கேப்ஸ்யூல். சீட்டில் 15 நாள் என்றுதான் இருந்தது, ஆனால் ஒரு வருடமாக விடாமல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஐந்து மாதம் முன்பு தலைசுற்றல், அதற்கு சின்னரிசின். பிறகு நடை மந்தமானது, அதற்கு லெவோடோபா. ஒன்று கிளப்பிய தொந்தரவுக்கு இன்னொன்று, அதற்கு வேறொன்று. எழுதிய ஒவ்வொருவரும் தன் முன்னால் இருந்த தொந்தரவுக்குச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். மொத்தத்தையும் ஒரே பார்வையில் பார்த்தவர் யாரும் இல்லை.

மருந்துக்கடையில் இருந்த பார்மசிஸ்ட் பெண்ணுக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும். கேப்ஸ்யூல் அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்து, "இதுல அசிடிட்டி மருந்து மட்டும் இல்ல சார், லெவோசல்பிரைடும் இருக்கு. பெரியவங்க ரொம்ப நாள் போட்டா கை கால் இறுகும். டாக்டர்கிட்ட அவசியம் கேளுங்க" என்றார். ஒரு வருடமாக அதே அட்டையை அந்தக் கடையில்தான் வாங்கியிருக்கிறோம். அவர் அங்கே சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

நரம்பியல் மருத்துவரைப் பார்க்க டோக்கன் வாங்கி மூன்று மணி நேரம் காத்திருந்தோம். அப்பாவுக்கு அது பெரிய சிரமம். சாய்மானம் இல்லாத பெஞ்ச், பெயர் கூப்பிடுவதும் காதில் விழவில்லை. ஆனால் உள்ளே போன பிறகு அவசரமே இல்லை. மருத்துவர் முதலில் தாளைக் கேட்டு வாங்கி இரண்டு முறை படித்தார். கைகளை மடியில் வைக்கச் சொன்னார், பிறகு முன்னால் நீட்டச் சொன்னார், தண்ணீர் தம்ளரை எடுத்துக் குடிக்கச் சொன்னார். சுருள் வரைய வைத்தார், ஒரு வாக்கியம் எழுத வைத்தார், விரல்களை வேகமாகத் தட்டச் சொன்னார், வராந்தாவில் நடக்க விட்டுப் பார்த்தார்.

அவர் விளக்கியது எனக்குப் புதிது. அப்பாவிடம் இருந்தது ஒன்றல்ல, இரண்டு. கையை நீட்டும்போதும் பொருளைத் தூக்கும்போதும் வந்த வேகமான நடுக்கம் அமியோடரோன் மாத்திரையால் வரக்கூடியது. தடுமாற்றமும் பாத மரப்பும்கூட அதனால் சிலருக்கு வரும். எழுத்து சிறுத்துப்போனது, இரு பக்கமும் ஒரே மாதிரி இறுகியது, நடை மந்தமானது எல்லாம் வேறு வகை. உடல் அசைவைச் சீராக நடத்த மூளைக்கு டோபமைன் என்ற ரசாயனம் வேண்டும், லெவோடோபா மூளைக்குள் போய் டோபமைனாக மாறும். லெவோசல்பிரைடும் சின்னரிசினும் அந்த டோபமைன் வேலை செய்யும் இடங்களை அடைத்துவிடுகின்றன. பார்ப்பதற்கு பார்க்கின்சன் மாதிரியே இருக்கும். அடைப்பு அப்படியே இருக்கும்போது லெவோடோபா கொடுத்துப் பெரிய பலன் இராது, இரத்த அழுத்தம்தான் இறங்கும்.

நான் மெட்டோபுரோலால் மீதுதான் சந்தேகப்பட்டிருந்தேன். அவர் தலையசைத்துவிட்டு, அதே குடும்பத்தைச் சேர்ந்த புரோப்ரனலாலை நடுக்கத்தைக் குறைக்கவே கொடுப்பார்கள் என்றார். தைராய்டையும் பார்க்கச் சொன்னார். அமியோடரோன் எடையில் ஏறக்குறைய 37 சதவீதம் அயோடின், 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் மட்டும் சுமார் 75 மில்லிகிராம். அதனால் தைராய்டு கூடவோ குறையவோ செய்யலாம், கூடினால் அதுவே கையை நடுங்க வைக்கும். பதினாலு மாதத்தில் ஒரு தடவைகூட அந்தச் சோதனை செய்யவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான். ஆய்வகத்தில் காலையில் இரத்தம் எடுத்து மாலையே முடிவு கொடுத்துவிட்டார்கள். நல்லவேளை, தைராய்டும் கல்லீரலும் சரியாக இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "எல்லாத்தையும் நிறுத்திடலாம்" என்றார். அவர் கோபம் புரிந்தது. ஆனால் மருத்துவர் கண்டிப்பாக எச்சரித்திருந்தார்: மெட்டோபுரோலாலைத் திடீரென்று விட்டால் இதயத்துக்கு ஆபத்து, அபிக்சபானை விட்டால் பக்கவாதம் வரலாம். கேப்ஸ்யூலையும் சின்னரிசினையும் உடனே நிறுத்தி, லெவோடோபாவைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லியிருந்தார். அமியோடரோன் விஷயத்தில் அவர் கை வைக்கவில்லை. இதய மருத்துவருக்கு ஒரு கடிதம் கொடுத்தார், எங்கள் முன்னாலேயே தொலைபேசியிலும் பேசினார். அப்பாவைப் பார்க்கும் இரண்டு மருத்துவர்கள் ஒருவரோடொருவர் பேசி நான் கண்டது அதுதான் முதல் முறை. இதய மருத்துவர் ஈ.சி.ஜி. பார்த்துவிட்டு அளவை 100 மில்லிகிராமாகக் குறைத்தார். உடனே பலனை எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொன்னார். கொழுப்பில் போய்த் தங்கும் மருந்து அது, நிறுத்தினால்கூட உடம்பில் பாதியாகக் குறையவே சராசரியாக 58 நாள் ஆகுமாம்.

இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தரும் மருந்து அசைவைக் கெடுப்பது புதிய விஷயமே இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த ரிசர்பின் 1950களில் இரத்த அழுத்தத்துக்குப் பரவலாகக் கொடுக்கப்பட்டது. அது மூளையின் டோபமைன் இருப்பைக் காலி செய்துவிடும். ஸ்வீடன் விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன், ரிசர்பின் கொடுத்து அசையாமல் கிடந்த முயல்களுக்கு லெவோடோபா கொடுத்து மறுபடி நடமாட வைத்தார். டோபமைன் பற்றிய அந்த ஆராய்ச்சிக்காகத்தான் 2000ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவரானார். அப்பாவுக்கு எழுதிய லெவோடோபாவின் கதையே ஓர் இரத்த அழுத்த மருந்தின் பக்கவிளைவோடு பின்னிக்கிடக்கிறது என்று தெரிந்தபோது வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் கிளம்பும் வாரத்தில் கண் இருட்டுவது நின்றிருந்தது. நடையில் லேசான மாற்றம், அவ்வளவுதான். இப்போது மூன்று மாதம் ஆகிறது. அழைப்பில் பேசும்போது கேமராவைத் தள்ளி வைக்கச் சொல்லி அவர் நடப்பதைப் பார்க்கிறேன். திரும்புவது எளிதாகியிருக்கிறது. கையெழுத்து பழைய அளவுக்கு வந்துவிட்டது. தம்ளரைத் தூக்கும்போது மட்டும் கொஞ்சம் நடுங்குகிறது. மறைந்திருந்த பார்க்கின்சனைச் சிலருக்கு இந்த மருந்துகள் முன்கூட்டி வெளிக்கொண்டுவந்துவிடும், ஆறு மாதம் கழித்தும் மிச்சம் இருந்தால் மறுபடி யோசிக்க வேண்டும் என்று நரம்பியல் மருத்துவர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். அந்தத் தேதியைப் பார்த்து நானும் விடுப்பு சொல்லிவைத்திருக்கிறேன். போன வாரம் பல்வலிக்கு மாத்திரை வாங்கப் போன அப்பா, அந்தத் தாளைச் சட்டைப்பையில் எடுத்துக்கொண்டுதான் போனார் என்று அம்மா சொன்னார்.