ரீடைச் சீவுவதா, மவுத்பீஸை இழைப்பதா?

பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண வரவேற்பில் சாக்ஸபோன் வாசித்துவிட்டு இறங்கினேன். காலையில் தாலிகட்டுக்கு வாசித்த நாதஸ்வரக்காரர் கேட்டார்: "ஏன் அண்ணாச்சி, சத்தம் சரியில்லையென்றால் ரீடைச் சீவுவீர்களா, அந்தக் கறுப்பு மூக்கையே இழைப்பீர்களா?" அவருக்கு அந்தக் குழப்பம் கிடையாது. நாதஸ்வரத்தின் ரீடான சீவாளி நேராக உதட்டில் உட்காருகிறது. நாதம் கெட்டால் சீவாளிதான் குற்றவாளி. எங்களுக்குச் சந்தேகப்பட வேண்டியவர்கள் இருவர்: ஊதும்போது அதிரும் ரீடு, அதைக் கட்டி வாயில் வைக்கும் கறுப்பு மூக்கான மவுத்பீஸ்.

முதலில் ரீடு. நாணல் இனமான அருண்டோ டொனாக்ஸின் தட்டையைச் சீவிச் செய்வது. நுனியின் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். ஆனி, ஆடிக் காற்றில் அந்த நுனி காய்ந்து அலை அலையாக நெளியும். தண்ணீரில் சற்று ஊறவிட்டால் பெரும்பாலும் படிந்துவிடும். அடிப்பக்கம் வளைந்திருந்தால் கண்ணாடிமேல் 600 எண் உப்புத்தாளை விரித்து நாலைந்து முறை தேய்த்தால் போதும். மவுத்பீஸை வாயில் ஒருபுறமாகச் சாய்த்து இடப்பாதி, வலப்பாதி என்று தனித்தனியாக ஊதிப் பாருங்கள். எந்தப் பாதி முரண்டு பிடிக்கிறதோ, அதைமட்டும் லேசாகச் சீவுங்கள். அதிகம் சீவி ரீடு சொத சொதவென்று ஆகிவிட்டதா? நுனியை ஒரு மயிரிழை வெட்டினால் மறுபடி விறைக்கும். தவறினாலும் போவது ஒரு ரீடு. ஆனால் பலனும் அந்த ரீடின் ஆயுள்வரைதான். பிளாஸ்டிக் ரீடு காற்றுக்கும் வெயிலுக்கும் அசையாது. அதை என் கத்திக்குப் பழக்க முடியவில்லை.

மவுத்பீஸ் வேறு கதை. ஆல்டோ சாக்ஸபோனுக்கான யமஹா 4சி மவுத்பீஸில் வாய்த்திறப்பு, அதாவது ரீடு நுனிக்கும் மவுத்பீஸ் நுனிக்கும் உள்ள இடைவெளி, 1.6 மில்லிமீட்டர், 5சி-யில் 1.7. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் உதட்டுக்கு உடனே தெரியும். உள்ளே நுனியை ஒட்டிய மேற்கூரை உயர்ந்திருந்தால் ஒலி பளிச்சென்று பாயும். தாழ்ந்து, உள்ளறையும் அகன்றிருந்தால் கனிந்து இருளும். கூரையை இழைத்துத் தாழ்த்தலாம். இழைத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. ரீடு படியும் ஓரங்கள் சமமில்லை என்று நானே முடிவுகட்டி எபோனைட் என்ற கெட்டி ரப்பர் மவுத்பீஸ் ஒன்றைத் தேய்த்தேன். அன்றிலிருந்து எந்த ரீடைப் போட்டாலும் கீச்சிட்டது. கழுவினால் தீருமென்று வெந்நீர் ஊற்றியதில் பச்சை பாய்ந்து கந்தக நாற்றமும் சேர்ந்தது. கூரையை உயர்த்துவதற்கு மட்டும் ஆபத்தில்லாத வழி உண்டு: சுவரில் படம் ஒட்டும் நீலப் பசையை உளுந்தளவு கூரையில் அப்பி ஊதிப் பார்ப்பது. பிடிக்காவிட்டால் வழித்துவிடலாம்.

ஆகவே என் கணக்கு இது. நேற்று நன்றாயிருந்து இன்று அடைத்தால் ரீடு. பெட்டியிலுள்ள பத்து ரீடும் ஒரே குறையைச் சொன்னால் மவுத்பீஸ். அப்போதும் இழைக்காமல் இன்னொன்று வாங்குவதே எனக்குச் சரி. நெல்லையப்பர் ரதவீதியில் ஊர்வலத்தோடு நடக்க உயர்ந்த கூரை வேண்டும். அதையே தேவாலயப் பாடகர் குழுவோடு வாசித்தால் குழு காணாமல் போகும். கமகத்துக்கு அகன்ற திறப்பும் இளகிய ரீடும் வளைந்து கொடுக்கும், ஆனால் சுருதியும் கூடவே வழுக்கும். காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தைக் கேட்டு வளர்ந்த ஊர்க் காதுகள் அதை மன்னிக்காது. ஆகவே நான் நடுத்திறப்போடு நின்றுவிட்டேன்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவர் தம் நாதஸ்வரத்தில் கோத்துத் தொங்கிய சீவாளிகளைக் காட்டினார். "எனக்கு இவை போதும்" என்றார்.