61 விசைப் பலகையும் இல்லாத நான்கு அம்புக்குறிகளும்

நான் பயன்படுத்தும் 61 விசைக் குறும்பலகையின் விலை ஆண்டிறுதித் தள்ளுபடியில் மறுபடியும் இறங்கியிருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருக்கும் தம்பி ஒருவர், "அண்ணே, இவ்வளவு காலமாக அதில்தானே தட்டச்சு செய்கிறீர்கள், நானும் வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். சுவிட்சின் ஓசை, விசை மூடிகளின் தரம் பற்றியெல்லாம் எங்கு வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். அவற்றில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நான் சொல்ல வேண்டியது அந்தப் பலகையில் இல்லாத நான்கு அம்புக்குறி விசைகளைப் பற்றி.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சிறிய அச்சுக்கடை வைத்திருக்கிறேன். சுற்றுவட்டாரத் தோட்டக் கோயில்களின் திருவிழா அழைப்பிதழ், உபயதாரர் பட்டியல், பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டறிக்கை, பதினாறாம் நாள் காரியத்துக்கான அட்டை என்று வேலை வந்துகொண்டே இருக்கும். இவற்றில் புதிதாகத் தட்டச்சு செய்வது குறைவு, திருத்துவதுதான் அதிகம். சென்ற ஆண்டுப் பட்டியலை எடுத்து, காலமானவரின் பெயருக்குப் பதில் மகனின் பெயரைச் சேர்க்க வேண்டும், ஒரு குறிலை நெடிலாக்க வேண்டும், விடுபட்ட ஒற்றைப் போட வேண்டும். கர்சர் ஓயாமல் நகரும் வேலை இது.

அதிலும் தமிழில் கர்சரின் நடை தனி. 'கொ' என்ற எழுத்தைக் கணினி ககரம் ஒன்று, உயிர்க்குறி ஒன்று என இரண்டு குறியீடுகளாகத்தான் வைத்திருக்கிறது. ஆனால் அம்புக்குறியை ஒரு முறை தட்டினால் கர்சர் இரண்டையும் சேர்த்துத் தாண்டிவிடும். பின்னழிப்பு (பேக்ஸ்பேஸ்) விசை உயிர்க்குறியை மட்டும் அழித்து ககரத்தை விட்டுவைக்கும். முன்னழிப்பு (டெலீட்) விசையோ முழு எழுத்தையும் விழுங்கிவிடும். ஆகவே எழுத்தின் எந்தப் பக்கத்தில் போய் நிற்கிறோம் என்பது முக்கியம். சுட்டெலியால் அந்த இடத்தைக் குறிபார்த்துச் சொடுக்குவதைவிட, அருகில் சொடுக்கிவிட்டு அம்புக்குறியால் ஓர் எழுத்து, இரண்டு எழுத்து நகர்வதுதான் நிச்சயமான வழி. தமிழில் திருத்த வேலை செய்யும் எவருக்கும் அம்புக்குறி விசைகள் வெறும் அலங்காரம் அல்ல.

இந்தப் பலகையைத் தயாரித்தவர்கள் அந்த நான்கையும் வலது மூலையில் ஒளித்து வைத்திருந்தார்கள். வலது ஷிப்டைத் தட்டினால் மேல் அம்பு, அழுத்திப் பிடித்தால் ஷிப்ட். அதன் கீழே உள்ள மூன்று விசைகளைத் தட்டினால் இடது, கீழ், வலது. கேட்கும்போது சாமர்த்தியமாகத்தான் தோன்றும். ஆனால் இந்த ஷிப்ட் 2.75 விசை அகலம் கொண்டது; அதன் நடுப்பகுதி கீழ் அம்புக்கு நேர் மேலே அமையாமல் வலப்பக்கம் தள்ளி விழுகிறது. டெக் என்ற கணினி நிறுவனம் 1982இல் எல்கே201 விசைப்பலகையில் தலைகீழ் 'டி' (T) வடிவத்தில் வைத்த நான்கு விசைகளைத்தான் உலகமே இன்றுவரை பின்பற்றுகிறது. அந்த வடிவத்துக்குப் பழகிய விரல் இங்கே ஒவ்வொரு முறையும் சற்றுத் தடுமாறும்.

அதுகூடப் பழகிவிடும். பழகாதது வேறொன்று.

ஆங்கில எழுத்துகளின் ஒலியைக் கொண்டு தமிழைத் தட்டும் அஞ்சல் முறையில் தட்டச்சு செய்கிறேன். அதில் சிறிய 'ஆர்' ரகரம், ஷிப்டுடன் 'ஆர்' றகரம். 'ஆர்' இடக்கை விரலுக்கு உரியது என்பதால், முறைப்படி கற்றவர்கள் அதற்கு வலது ஷிப்டைத்தான் அழுத்துவார்கள். தட்டலா, பிடித்தலா என்று இந்தப் பலகை முடிவு செய்ய எடுத்துக்கொள்ளும் நேரம் 200 மில்லிவிநாடி. பலகைக்குள் ஓடும் க்யூஎம்கே என்ற நிரலின் இயல்பான அளவு அதுதான். வேகமாகத் தட்டச்சு செய்பவர் அதற்குள் ஷிப்டை அழுத்தி, 'ஆர்' போட்டு, விட்டும்விடுவார். பலகை அதை மேல் அம்பாக எடுத்துக்கொள்ளும். உபயதாரர் பட்டியலில் முனியம்மாளுக்குக் கீழே மாறனின் பெயரைத் தட்டச்சு செய்கிறேன் என்று வையுங்கள். 'மா' விழும், கர்சர் மேல் வரிக்குத் தாவும், மிச்சம் அங்கே போய் நுழையும். பட்டியலில் மாறன் வெறும் 'மா'வாக நிற்பார். முனியம்மாள் 'முரன்னியம்மாள்' ஆகியிருப்பார். காசு கொடுத்து உபயம் எடுத்த குடும்பம் அழைப்பிதழில் முதலில் தேடுவது தங்கள் பெயரைத்தான். அந்தப் பெயரைச் சிதைக்கும் கருவியை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

தமிழில் றகரம் எத்தனை இடத்தில் வருகிறது! அறங்காவலர், உறுப்பினர், நிறைவு, ஊராட்சி மன்றம், நன்றி. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து பெரும்பாலும் வாக்கியத்தின் அல்லது பெயரின் தொடக்கத்தில்தான் வரும். நமக்கு ஷிப்ட் சொல்லின் நடுவிலேயே வேண்டும். இந்தப் பலகையை வடிவமைத்தவர்கள் அதை எண்ணிப் பார்க்கவே இல்லை என்பதுதான் என் கோபம்.

நியாயமாகவும் பேச வேண்டும். இந்தப் பலகை திறந்த நிரலில் இயங்குகிறது, மாற்ற விடுகிறது. அதன் அருமை போகப் போகத்தான் தெரிந்தது. விசைகளின் இடத்தை மாற்ற வயா என்ற செயலி போதும். தட்டல், பிடித்தல் நேரத்தைத் திருத்துவதற்காகத்தான் வயல் என்ற மாற்று நிரலைப் பலகையில் ஏற்றினேன். அதில் 'பெர்மிசிவ் ஹோல்ட்' என்ற அமைப்பு உண்டு. ஒரு விசையைப் பிடித்திருக்கும்போதே இன்னொன்றை அழுத்தி விட்டால், 200 மில்லிவிநாடி கழியாவிட்டாலும் அது பிடித்தல்தான் என்று பலகை ஏற்றுக்கொள்ளும். பெரும்பாலான விபத்துகள் அத்தோடு நின்றன. ஆனால் விரல்கள் உருண்டோடும் வேகத்தில் 'ஆர்' எழுவதற்கு முன்பே ஷிப்ட் எழுந்துவிட்டால் பழைய கதைதான். இரண்டாவது விசையை அழுத்திய கணமே பிடித்தலாகக் கொள்ளும் இன்னொரு அமைப்பைப் போட்டுப் பார்த்தேன். றகரம் சரியாகிவிட்டது. ஆனால் மேல் அம்பிலிருந்து விரலை எடுக்கும் முன் இடது அம்பைத் தொட்டுவிட்டால் அது ஷிப்டும் இடது அம்புமாகி, ஓர் எழுத்து தேர்வாகிவிடும்; அடுத்து அழுத்தும் எழுத்து அதை அழித்துவிடும். மேல் அம்பைப் பிடித்தபடி வரிவரியாக ஏறுவதும் முடியாது, பிடித்தால் ஷிப்ட் அல்லவா? ஒரு முறை தட்டிவிட்டு உடனே மறுபடி அழுத்திப் பிடித்தால் ஏறும். முப்பது வரி பட்டியலில் இந்தத் தாளத்தை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

கடைசியில் வலது மூலையை முழுக்கக் கைவிட்டேன். ஷிப்டை ஷிப்டாக மட்டும் விட்டேன். இடைவெளிப் பட்டைக்கு அருகே, இடக்கைக் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் ஆல்ட்டை இரண்டாம் அடுக்குக்கான (பிடித்திருக்கும்போது மற்ற விசைகளுக்கு வேறு வேலை தரும்) விசையாக்கி, ஆல்ட்டை அதற்குப் பக்கத்து விசைக்கு நகர்த்தினேன். கட்டைவிரல் பிடித்திருக்கும் வரை ஐ மேல், கே கீழ், ஜே இடது, எல் வலது. அதே தலைகீழ் 'டி', ஆனால் கை அசையாமல். யு வரியின் தொடக்கத்துக்கு, ஓ வரியின் முடிவுக்கு. ஓவை அடுத்த பி பின்னழிப்பு, அதன் கீழே முன்னழிப்பு. அதே அடுக்கில் இடக்கையின் எஃப்பில் ஷிப்டையும் அதன் இடப்பக்கத்து டியில் (D) கன்ட்ரோலையும் வைத்தேன். சொல் சொல்லாகத் தேர்ந்தெடுக்க வேண்டுமா, கட்டைவிரலோடு டி, எஃப் இரண்டையும் பிடித்து எல் விசையைத் தட்டினால் போதும்.

கணினி விற்பன்னர்கள் எச், ஜே, கே, எல் என்ற வரிசையைச் சிபாரிசு செய்வார்கள். 1976இல் வந்த ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற கணினி முனையத்தில் அந்த நான்கு விசைகளின் மேலேயே அம்புகள் அச்சிடப்பட்டிருந்தன. அந்த முனையத்தில் உருவான விஐ என்ற உரைத்தொகுப்பான் வழியாக அந்தப் பழக்கம் பரவியது. மேலும் கீழும் ஒரே வரிசையில் பக்கம் பக்கமாக இருப்பதை என் விரல் ஏற்கவில்லை. ஐ, ஜே, கே, எல் எனக்கு ஒரு வாரம்கூட எடுக்கவில்லை.

இந்த அமைப்பு தரும் சுகத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கண் தாளில் இருக்கிறது, கர்சர் எழுத்தெழுத்தாகப் போகிறது, இரண்டு கைகளும் எழுத்து வரிசையை விட்டு எழுவதே இல்லை. மணிக்கட்டு வலி குறைந்தது. எல்லாம் பலகைக்குள்ளேயே பதிந்திருப்பதால், கோயில் அலுவலகத்துக் கணினியில் செருகினாலும் ஒரு மென்பொருளும் நிறுவாமல் அதே மாதிரி வேலை செய்கிறது. பெரிய விசைப்பலகைக்கு நான் திரும்பப் போவதில்லை.

ஆனாலும் தம்பிக்கு என் பதில்: இதை வாங்காதீர்கள். விலை இன்னும் பாதியாக இறங்கினாலும் வேண்டாம்.

கடையில் மெய்ப்புப் பார்க்க வரும் கோயில் செயலாளர் என் நாற்காலியில் உட்கார்ந்து "ஒரே ஒரு எழுத்துதான், நானே மாற்றிவிடுகிறேன்" என்பார். அடுத்த கணம் அவருடைய விரல் வலது மூலையில் அம்புக்குறியைத் தேடி அலையும். வயதில் மூத்தவர் அப்படித் திகைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் பள்ளிக் கணினி அறையில் பிள்ளைகளும் மற்ற ஆசிரியர்களும் தொடும் பலகை அது. அவர்கள் எல்லோருக்கும் அடுக்கு, கட்டைவிரல் என்று பாடம் நடத்த முடியாது, நடத்தவும் கூடாது.

இந்த நான்கு விசைகளை எடுத்துவிட்டு மேசையில் எவ்வளவு இடம் மிச்சப்படுத்தினார்கள் என்று பாருங்கள். 61 விசைப் பலகையின் அகலம் 15 விசை. அம்புக்குறிகள் உள்ள, 65 விழுக்காடு என்று விற்கிறார்களே, அந்தப் பலகையின் அகலம் வழக்கமாக 16 விசை. வித்தியாசம் ஒரே ஒரு விசை, 19.05 மில்லிமீட்டர். இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லாத இடத்துக்காக முனியம்மாளின் பெயரோடு விளையாட வைத்துவிட்டார்கள்.

65 விழுக்காட்டுப் பலகையையே வாங்குங்கள். வாங்கும் முன் இரண்டைக் கவனியுங்கள். அது க்யூஎம்கேயிலோ வயலிலோ இயங்க வேண்டும். நிறுவனத்தின் சொந்த மென்பொருளில் மட்டுமே இயங்கும் சில பலகைகளில் அடுக்கு விசையை இடம் மாற்ற விடுவதில்லை. விசை மூடிகளைத் தனியாக வாங்குவதானால் 1.75 விசை அகல வலது ஷிப்ட் அந்தத் தொகுப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வந்ததும் கடைக்கு எடுத்து வாருங்கள். அம்புக்குறிகள் எல்லோருக்குமாக மூலையிலேயே இருக்கட்டும். உங்களுக்கென்று இடது ஆல்ட்டில் அடுக்கை வைத்து ஐ, ஜே, கே, எல்லை நானே அமைத்துத் தருகிறேன்.