மத்திகிரியா, பாகலூரா? ஓசூர் ஓரத்தில் வீடு தேடுபவர்களுக்கு

ஓசூரில் வேலை, ஆனால் ஊர் இரைச்சலுக்கு நடுவே குடியிருக்க மனமில்லை. கொஞ்சம் வயல்வெளி கண்ணில் பட வேண்டும், பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இப்படி நினைப்பவர்களில் பலர் கடைசியில் இரண்டு திசைகளில் வந்து நிற்கிறார்கள்: வடக்கே பாகலூர் சாலை, தெற்கே மத்திகிரி. நாங்கள் இரண்டு பக்கமும் இடம் பார்த்துவிட்டு மத்திகிரியில் வீடு கட்டினோம். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

குளிர்ச்சி, காற்று இதெல்லாம் இரண்டுக்கும் பொது. ஓசூரே 3000 அடியை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது. கடை, பேருந்து, மருந்தகம் என்று பார்த்தாலும் பெரிய வித்தியாசமில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் இரண்டு பக்கமும் கலந்து ஒலிக்கும்.

பாகலூர் பக்கத்தின் அழகு அதன் விவசாயம். ரோஜா, ஜெர்பரா வளரும் பசுமைக்குடில்கள், தக்காளி, முட்டைகோஸ் வயல்கள் என்று சாலையோரம் முழுக்க உயிர்ப்போடு இருக்கும். பிப்ரவரி காதலர் தினத்துக்கு வெளிநாடு போகும் ஓசூர் ரோஜாக்களுக்கு இந்த வட்டாரத்துக் குடில்களும் ஓர் ஆதாரம். அப்புறம் எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூருவை ஒட்டிய சர்ஜாபுரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு நெடுஞ்சாலை நெரிசலில் சிக்காமல் போக வழி உண்டு. மனைப்பிரிவுகள் அங்கே அதிகம் முளைப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நாங்கள் அங்கே குடியிருந்ததில்லை, சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்வந்த பழக்கம்தான். அதனால் அன்றாட வாழ்க்கை அங்கே எப்படி என்பதை என்னைவிட அந்த ஊர்க்காரர்களைக் கேட்பதே சரி.

மத்திகிரியில் பசுமைக்குடில்கள் அவ்வளவு இல்லை. ஆனால் 1824-இல் குதிரைப் பண்ணையாகத் தொடங்கி இன்று அரசுக் கால்நடைப் பண்ணையாக இருக்கும் 1600 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் இருக்கிறது. அது அரசு நிலம். அடுத்த வருடம் கட்டடம் எழும்பி மறைத்துவிடுமோ என்ற பயம் இல்லாமல் பார்க்கக்கூடிய பசுமை, ஓசூரைச் சுற்றி வேறெங்கும் எனக்குத் தெரியவில்லை. பாகலூரில் இன்று நாம் ரசிக்கும் பூந்தோட்டம் தனியாருடையது. பக்கத்து மனை விலை ஏறினால் அதுவும் மனையாகிவிடும். டிவிஎஸ் ஆலை இந்தப் பக்கம்தான். ரயில் நிலையமும் கிட்டத்தில் இருப்பதால் பெங்களூருவுக்கும் தருமபுரிக்கும் ரயிலில் போவது சுலபம்.

ஆனால் எங்களை முடிவெடுக்க வைத்தது இவை எதுவும் இல்லை, தண்ணீர்.

இந்த வட்டாரம் முழுக்கக் கருங்கல் பூமி. மண்ணுக்குக் கீழே தண்ணீர் பரவி நிற்காது, பாறை வெடிப்பு எங்கே ஓடுகிறதோ அங்கேதான் ஊறும். ஒரு மனையில் நல்ல தண்ணீர் கிடைக்கும், பத்தடி தள்ளி ஆழ்துளைக் கிணறு (போர்) போட்டால் ஆயிரம் அடி இறங்கியும் வெறும் புகைதான் வரும். அடி கூடக் கூட செலவு எகிறும், மோட்டாரின் குதிரைத்திறன் கூடும், கரண்ட் பில்லும் சேர்ந்து ஏறும். போர் வற்றிவிட்டால் கோடை முழுக்க லாரித் தண்ணீர்தான். வீட்டுக்கடனோடு அந்தச் செலவையும் மாதாமாதம் சேர்த்துப் பார்த்தால், மனை வாங்கும்போது மிச்சம் பிடித்த தொகை சில கோடையிலேயே கரைந்துவிடும்.

கிடைக்கும் போர் தண்ணீரையும் அப்படியே குடிக்க முடியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை, முதுகெலும்பு விறைப்பு என்று இந்த மண்ணின் மக்கள் தலைமுறையாகப் பட்ட பாடு அது. அதற்காகத்தான் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-இல் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது.

மத்திகிரி ஓசூர் மாநகராட்சிக்குள் இருக்கிறது. ஓசூர் 2019-இல் மாநகராட்சியானது. குழாய் இணைப்பு கிடைத்த வீட்டில் குடிக்கச் சமைக்கக் காவிரி, மற்றதற்குப் போர், மழைநீர்த் தொட்டி என்று பிரித்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது. குழாயில் தினமும் வராது, முறை வைத்துத்தான் வரும். அதனால் தண்ணீர் சேர்த்துவைக்கும் நிலத்தடித் தொட்டியை (சம்ப்) பெரிதாகவே கட்டினோம். பாகலூர், நாங்கள் இடம் பார்த்தபோது ஊராட்சி. புது மனைப்பிரிவுகளில் பெரும்பாலும் பிரிவுக்காரர் போட்ட பொதுப் போர்தான் கதி, அதன் ஆழத்தைக் கேட்டால் நேரான பதில் வரவில்லை.

தென்பெண்ணை பாகலூர் பக்கமாகத்தான் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது என்று ஆறுதல்பட முடியாததுதான் மனதை உறுத்துகிறது. நந்தி மலையில் பிறந்து வரும் அந்த ஆறு பெங்களூருவின் கழிவையும் சுமந்து வருகிறது. மழைக்காலத்தில் ஓசூர் அருகே அதன் குறுக்கே உள்ள கெலவரப்பள்ளி அணையிலிருந்து நுரை பொங்கி ஓடும் காட்சியை எத்தனையோ முறை செய்தியில் பார்த்தாகிவிட்டது. ஆறு இருந்தும் குடிக்க உதவாத அந்த நிலைக்கு ஒரு வழி பிறக்க வேண்டும், அந்த விவசாயிகளுக்காகவாவது.

மத்திகிரிக்கும் தெற்கே, தளி, தேன்கனிக்கோட்டை என்று தோட்டத்தோடு வீடு தேடிப் போகிறவர்கள் ராகி அறுவடைக் காலத்தில் யானைக் கூட்டம் வரும் பகுதி அது என்பதை மனதில் வைக்க வேண்டும்.

சர்ஜாபுரத்தில் வேலை என்றால் பாகலூரைத் தள்ளிவிட வேண்டாம், தினமும் மிச்சமாகும் நேரம் சின்ன விஷயமில்லை. இடம் பார்க்க ஐப்பசி, கார்த்திகையில் போகாமல் சித்திரையில் போங்கள். சுற்றியுள்ள நாலு வீட்டில் எத்தனை அடியில் தண்ணீர், லாரி எப்போதிருந்து வருகிறது என்று கேளுங்கள். நகர் ஊரமைப்பு அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் வக்கீலிடம் காட்டிய பிறகு முன்பணம் கொடுங்கள்.