சித்தாபுரத்து நர்சரியும் என் ஆறு ரோஜாச் செடிகளும்

ஜனவரி மாதத்தில் பெங்களூரின் எந்த நர்சரிக்குள் நுழைந்தாலும் ரோஜாக்கள் கண்ணைப் பறிக்கும். குளிர்ந்த இரவும் மிதமான வெயிலும் சேர்ந்து, நோஞ்சான் செடியையும் பூக்க வைத்துவிடும் பருவம் அது. அந்த மயக்கத்தில் கடையைப் புகழ்வது எளிது. செப்டம்பர், அக்டோபர் மழையில் நனைந்து, இலைகள் உதிர்ந்து, செடி வெறும் குச்சியாக நிற்கும்போதுதான் எது இந்த ஊருக்கு ஏற்றது என்பது தெரியவரும். லால்பாக்கை அடுத்த சித்தாபுரத்தில் வரிசையாக இருக்கும் நர்சரிகளுள் ஒன்றான இந்தக் கடையில் நான் ஆறு ரோஜாச் செடிகள் வாங்கினேன். இரண்டு மழைக்காலங்கள் கடந்த பிறகே அதைப் பற்றி எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

கடை பெரிதன்று. முன்பக்கத்தில் பூத்த செடிகளும், பின்பக்கத்தில் பச்சை வலைக்கு அடியில் அன்றன்று லாரியில் வந்து இறங்கியவையும் இருக்கின்றன. பெரும்பாலானவை ஆந்திரத்தின் கடியத்திலிருந்தும் ஓசூர்ப் பக்கத்திலிருந்தும் வருபவை என்று உரிமையாளரே ஒளிக்காமல் சொல்கிறார். கிருஷ்ணகிரிக்காரரான அவருடைய தமிழும் கன்னடமும் கலந்த பேச்சு, அல்சூரில் பிறந்து வளர்ந்த எனக்கு வீட்டுப் பேச்சுப் போலவே இருந்தது.

நான் வாங்கியவை எட்வர்ட், ஐஸ்பெர்க், கிளாடியேட்டர், டபுள் டிலைட், 'டச் ரோஸ்' என்று விற்கப்படும் ஒரு மஞ்சள் நிறச் செடி, 'பாப்பா மெய்லாண்ட்' என்று சீட்டு ஒட்டியிருந்த ஒரு கருஞ்சிவப்பு ரோஜா ஆகியவை. இவற்றுள் ஐந்து இன்றும் என் மாடியில் உயிரோடு இருக்கின்றன.

முதலிடம் எட்வர்டுக்கே. இளஞ்சிவப்பாக, சற்றுக் கலைந்த இதழ்களோடு இருக்கும் அந்தப் பூவை மாலை கட்டுபவர்கள் நன்கறிவார்கள். பலர் அதையே பன்னீர் ரோஜா என்றும் சொல்வதுண்டு. விலையிலும் மிகக் குறைவு, அறுபது ரூபாய்தான். இது போர்போன் குலத்தைச் சேர்ந்தது. ரியூனியன் தீவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் கலந்து தோன்றிய குலம் அது. மணம் டமாஸ்கின் வழியாகவும், வெப்பத்தைத் தாங்கித் திரும்பத் திரும்பப் பூக்கும் இயல்பு சீன ரோஜாவின் வழியாகவும் வந்தவை. சொந்த வேரில் வளரும் பதியன் செடி என்பதால் ஒட்டு, அதாவது வேறொரு வேர்ச்செடியோடு இணைத்த இடம், உடைந்துபோகும் கவலையும் இல்லை. 1958இல் ஜெர்மனியின் கோர்டெஸ் நிறுவனம் வெளியிட்ட ஐஸ்பெர்க் அடுத்தபடியாக நிற்கிறது. மழையில் அதற்கும் கரும்புள்ளி நோய் வரத்தான் செய்தது. ஆனால் இலைகளை உதிர்த்த இரண்டே வாரங்களில் மீண்டும் துளிர்த்துவிட்டது. நோயே வராத செடியைத் தேடுவதைவிட, வந்த நோயிலிருந்து மீளும் செடியைத் தேடுவதே பெங்களூரில் நடக்கக்கூடியது என்பது என் கருத்து. கிளாடியேட்டரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திடமாக வளர்கிறது, பெரிய சிவப்புப் பூக்களைத் தருகிறது, அவ்வளவுதான்.

டபுள் டிலைட் வேறு கதை. பாலாடை நிற இதழ்களின் விளிம்பில் வெயில் பட்ட அளவுக்குச் சிவப்பு ஏறும் அந்தப் பூவின் அழகுக்கும் மணத்துக்கும் ஈடு சொல்ல முடியாது. ஆனால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, இலைமேல் வெண்பொடி போலப் படரும் சாம்பல் நோய் அதை விடுவதில்லை. கரும்புள்ளியை உண்டாக்கும் பூஞ்சையின் வித்துகள் முளைக்க இலை ஏறத்தாழ ஏழு மணி நேரமாவது ஈரமாக இருக்க வேண்டும். சாம்பல் நோய்க்கோ அந்த ஈரமும் தேவையில்லை, வறண்ட பகலும் குளிர்ந்த, ஈரப்பதமான இரவும் போதும். நம் ஊர்ப் பனிக்காலம் அப்படியே அந்த வரையறைக்குள் அடங்குகிறது. காற்றோட்டமான மூலைக்குத் தொட்டியை மாற்றிய பிறகு பாதிப்பு குறைந்தது. இதை வாங்கும்போதே கடைக்காரர் எச்சரித்திருக்கலாம், எச்சரிக்கவில்லை.

செத்துப்போனது டச் ரோஸ். 250 ரூபாய் கொடுத்து வாங்கியதும் அதுதான். பாலிஹவுஸ் எனப்படும் பிளாஸ்டிக் கூடாரத்துக் கூரையின் கீழ், சொட்டுநீரில், நீண்ட காம்புக்காகவும் பூச்சாடியில் பல நாள் வாடாமல் இருப்பதற்காகவும் உருவாக்கப்பட்ட வகைகளைத் திறந்த மாடியில் மழையில் வைத்தால் என்ன ஆகும் என்பதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். முதல் செப்டம்பரிலேயே கிளை நுனியிலிருந்து கருகத் தொடங்கி, தீபாவளிக்குள் ஒட்டு வரை கருகிவிட்டது. அதற்கு மணமும் கிடையாது என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

'பாப்பா மெய்லாண்ட்' விஷயம்தான் எனக்கு உண்மையான மனக்குறை. 1963இல் வெளிவந்த அந்த ரோஜா அதன் அடர்ந்த மணத்துக்காகவே புகழ் பெற்றது. என் செடியில் பூத்ததோ மணமே இல்லாத வேறொரு சிவப்பு. திரும்பப் போய்க் கேட்டபோது, "லாரியில வர்ற சீட்டும்மா, நான் எழுதினது இல்ல" என்றார். பணத்தைத் திருப்பித் தரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு எட்வர்ட் பதியனைக் கையில் கொடுத்தார். எனவே இங்கே பெயர்ச்சீட்டை நம்பாமல், பூத்திருக்கும் செடியை முகர்ந்து பார்த்தே வாங்க வேண்டும்.

இருந்தும் நான் இந்தக் கடைக்குத் திரும்பத் திரும்பப் போவதற்கு ஒரே காரணம் அங்கே கிடைக்கும் யோசனை. ஐரோப்பியப் புத்தகங்கள் ஒட்டுப் பகுதியை மண்ணுக்குள் புதைக்கச் சொல்வது உறைபனிக்குப் பயந்து. தொள்ளாயிரம் மீட்டருக்கு மேல் இருந்தாலும் நமக்கு உறைபனி இல்லை. ரோஜா இங்கே உறங்குவதும் இல்லை. "ஒட்டு மண்ணுக்கு மேலயே நிக்கணும், மழையில அழுகிடும்" என்று முதல் நாளே அவர் சொன்னார். செடியோடு வரும் களிமண் உருண்டையைப் பாதியாவது தண்ணீரில் கரைத்துவிட்டு நட வேண்டும், இல்லையென்றால் சுற்றியுள்ள மண் நனைந்தும் உள்ளே வேர் காய்ந்து கிடக்கும் என்பதும் அவர் சொன்னதே. பெரிய கவாத்தை, அதாவது கிளைகளை வெட்டிவிடுவதை, மழை ஓயும் அக்டோபர் கடைசியில் செய்தால் ஆறேழு வாரங்களில் பூக்கும் என்றார். இரண்டு ஆண்டுகளும் அப்படியே நடந்தது.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். கோடையில் எங்கள் தெருவில் காவேரித் தண்ணீர் குறைந்து போர்வெல் தண்ணீரை ஊற்றியபோது, ஐஸ்பெர்க்கின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றபடி மஞ்சளாக மாறின. செல்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினேன். அவர் அலமாரியில் 'டானிக்' பாட்டில்கள் வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்றை எளிதாக என் தலையில் கட்டியிருக்கலாம். கட்டவில்லை. உப்புத் தண்ணீரால் மண் காரமாகி இரும்புச்சத்தைச் செடியால் எடுக்க முடியாமல் போகிறது, மழைநீரைப் பிடித்து ஊற்றுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆனால் அவர்கள் கலந்து விற்கும் மண்ணை நான் பரிந்துரைக்க மாட்டேன். தேங்காய் நார்க்கழிவு அளவுக்கு மீறி இருப்பதால் மழையில் நீரைப் பிடித்துக்கொண்டு வேரை அழுக வைக்கிறது. செம்மண், தொழுவுரம், பருமணல், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு என்று வீட்டிலேயே கலப்பது நல்லது.

நம் மண்ணுக்காகவே உருவாக்கப்பட்ட ரோஜாக்கள் இங்கே இல்லாதது பெரிய குறை. இதே ஊரின் ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 'அர்க்கா' என்ற பெயரில் ரோஜா வகைகளை வெளியிட்டிருக்கிறது. கொடைக்கானலில் வீரராகவன், கிரிஜா தம்பதியர் கிளைனோஃபில்லா, ஜிகான்டியா என்னும் இந்திய மண்ணுக்குரிய காட்டு ரோஜாக்களைக் கலந்து வெப்ப நாட்டு ரோஜாக்களை உருவாக்கினார்கள். இவற்றில் ஒன்றையாவது கேட்டுப் பார்த்தேன். "கேக்குறவங்க நீங்க ஒருத்தர்தாம்மா" என்பது பதில். இன்னும் நாலு பேர் போய்க் கேட்டால் அவர் வரவழைப்பார் என்றே நினைக்கிறேன்.

லால்பாக் மலர்க் கண்காட்சி நடக்கும் ஜனவரி, ஆகஸ்ட் நாட்களில் இந்தப் பக்கம் போக வேண்டாம். வண்டி நிறுத்த இடமும் கிடைக்காது, உரிமையாளருக்கு நின்று பேச நேரமும் இருக்காது. வார நாளில் காலை பத்து மணிக்கு முன் போனால், பின்பக்கத்து வலைக்கு அடியில் நீங்களே செடியைத் தூக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க விடுவார்.